மருமகளுக்குச் சோறு இறங்காத மூன்று வாரம்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னை வைத்துக்கொள்ளவில்லை. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஐந்நூறு குஞ்சில் தொடங்கினேன். இன்றைக்குப் புதுச்சத்திரம் பக்கம் என் கொட்டகைகளில் ஐம்பதாயிரம் கோழி நிற்கிறது. கோழிக்கு வைத்தியம் படித்துவிட்டு வருகிற பையன்கள்கூட, "நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கண்ணா" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் சீட்டு எழுதுவார்கள். எழுதுவது நான் சொன்னதைத்தான். கையெழுத்து மட்டும் அவர்களுடையது.

அப்படிப்பட்டவன் வீட்டில், போன வருடம், மருமகள் பட்டினி கிடந்தாள்.

ஓமலூர்ப் பெண். வயிற்றில் இரண்டு மாதம். மசக்கை என்றால் எல்லோருக்கும் வருவதுதானே என்று இருந்தோம். இவளுக்குத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. காலையில் வாந்தி, மத்தியானம் வாந்தி, சாயங்காலம் பித்தம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். எடை மூன்று கிலோ இறங்கியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, "கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடணும். அடுத்த வெள்ளிக்கிழமை பார்ப்போம். இன்னும் எடை குறைஞ்சா அட்மிட் பண்ணி குளுக்கோஸ் ஏத்தணும்" என்றார்கள்.

சம்பந்தியம்மா போனிலேயே பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்கள். "எம்புள்ளய இங்க அனுப்பிருங்க. இங்க வந்தா சோறு திங்கும்." அதற்கு என்ன அர்த்தம்? ஊருக்கே முட்டை போடுகிறவன் வீட்டில் மருமகளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைக்குள் அவள் வயிற்றில் ஏதாவது தங்கியாக வேண்டும். வைத்தியத்தை நானே கையில் எடுத்தேன்.

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி இஞ்சியைத் தேனில் ஊறவைத்துக் கொண்டுவந்தாள். ஒருத்தி நாரத்தங்காய். என் தங்கை ஒரு பை மாதுளம்பழத்தோடு வந்து, "செல்போனப் பாத்துட்டே இருந்தா வாந்தி வராம என்ன பண்ணும்?" என்றாள். சொல்லிவிட்டுத் தன் போனில் நாடகம் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். மாதுளம்பழத்தையும் அவளே உரித்துத் தின்றாள்.

எனக்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு கொட்டகையில் கோழி தீவனம் எடுக்கவில்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது. முதலில் தண்ணீரை மாற்று. தேறவில்லையா, தீவனத்தை மாற்று. அதற்கும் தேறவில்லையா, காற்றைப் பார். கடைசியாக, உள்ளே போய்வருகிற ஆளைப் பார். அந்த முறையையே வீட்டிலும் வைத்தேன்.

குழாய்த் தண்ணீரை நிறுத்திக் கேன் தண்ணீர் வாங்கினோம். வாந்தி. அரிசியை மாற்றினோம். வாந்தி. முட்டையை அவித்து, பொரித்து, கலக்கி எல்லா விதமாகவும் வைத்துப் பார்த்தோம். தட்டைக் கண்டதுமே வாந்தி. தாளிப்பு வாசம் ஆகாதோ என்று அடுப்பைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனோம். சாம்பிராணி, பினாயில், என் மகன் அடித்துக்கொள்கிற சென்ட்டு, எல்லாவற்றையும் தடை செய்தேன். வேளாவேளைக்குப் பண்ணையிலிருந்து ஓடி வந்து, அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் கண்ணெதிரே சாப்பிட வைத்தேன். இவ்வளவு அக்கறையான மாமனார் ஜில்லாவில் வேறு யார்?

"இன்னொரு வாய் சாமி."

"போதுங்க மாமா" என்பாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து ஓடுவாள்.

புதன்கிழமை தர்மபுரியில் ஒரு கல்யாணம். தட்ட முடியாது. மறுநாள் காலையில் மகன் போன் பண்ணினான். "அப்பா, நேத்து ராத்திரி மூணு இட்லி தின்னா. தங்கிருச்சு. காத்தாலயும் ரெண்டு."

கேன் தண்ணீர் கடைசியில் வேலை செய்துவிட்டது என்று காரில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தேன். மத்தியானம் ஊர் வந்து, நேரே பண்ணைக்குப் போய், கருவாட்டுத்தூள் கலந்து தீவனம் அரைப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நாற்காலியைப் போட்டேன். தயிர்சோறு இரண்டு வாய் போனது. பிறகு ஓட்டம்.

தண்ணீர் அதே தண்ணீர். சோறும் அதே சோறு. காற்றும் மாறவில்லை. மிச்சம் இருந்தது, உள்ளே போய்வருகிற ஆள். என் சட்டையை நானே தூக்கி மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருடமாகத் தெரியவில்லை.

கண்டுபிடித்த பெருமையோடு அடுப்படிக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்குத்தான் இத்தன நாளு ஆராய்ச்சிங்களா?"

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"மூணு புள்ள பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? மூணுக்கும் இதே வாந்திதான்."

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்க. மொதப் புள்ளைக்கே சொன்னேன். 'மூக்கப் பொத்திக்க'ன்னீங்க."

ஐம்பதாயிரம் கோழிக்கு வைத்தியம் சொல்கிறவன், பின்வாசல் வழியாக வெளியே நழுவினேன்.

என் பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. மந்திரியே வந்தாலும் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளிக் கிருமி கோழிக்கு ஆகாது. உள்ளே போகிறவனுக்கு இவ்வளவு சட்டம் போட்டவன், வெளியே வருகிற எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே பண்ணை மோட்டார் ரூமில் சோப்பு வைத்தேன், மாற்று வேட்டி சட்டை வைத்தேன். தலை முழுகி, காதுக்குப் பின்னால் இரண்டு தடவை தேய்த்த பிறகுதான் வீட்டுப் படி ஏறினேன். நாற்காலியை எடுத்து வராந்தாவில் போட்டுக்கொண்டேன். உள்ளே மருமகள் ரசஞ்சோறு சாப்பிட்டாள். அரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை எடை இறங்கவில்லை. முள் ஒரு நூல் ஏறியே இருந்தது. டாக்டரம்மா, "நல்லா இருக்கே, என்ன பண்ணுனீங்க?" என்றார்கள். மார்பை நிமிர்த்தித் தண்ணீர், தீவனம் என்று தொடங்கப் போனேன். மருமகள் முந்திக்கொண்டாள்.

"ஊட்டச் சுத்தம் பண்ணுனோங்க மேடம்."

அவள் சுத்தம் பண்ணியதாகச் சொன்ன வீடு நான்தான் என்று எனக்கும் அவளுக்கும் என் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரியும். ஓமலூர்ப் பெட்டி அவிழ்ந்தது.

இப்போது பேத்திக்கு நாலு மாதம். லேசாக மூக்கடைத்தால் போதும், மூக்கில் எண்ணெய் விடு, ஊது என்று உறவுக்காரர்கள் கிளம்பி வருகிறார்கள். டாக்டரம்மா கூடாது என்றதை வாசலிலேயே சொல்லி, கை கழுவ வைத்துத்தான் உள்ளே விடுகிறேன். என் தங்கைக்குக் கோபம்.

மருமகளுக்கு ஐந்தாம் மாதத்திலேயே வாசம் பழகிவிட்டது. "இப்ப ஒண்ணும் பண்றதில்லீங்க மாமா, நேரா உள்ள வாங்க" என்கிறாள். குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி மோட்டார் ரூமிலேயே குளித்துவிட்டு வருகிறேன். என் வீட்டுக்காரி அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அங்கே துண்டு கொண்டுபோனதும் கிடையாது. ஆனாலும் தினமும் மோட்டார் ரூம் கொடியில் துவைத்த துண்டு ஒன்று கிடக்கிறது.