பாதிப் பாட்டு ஓடிய வேன்

போன ஞாயிற்றுக்கிழமை என் புதிய காருக்குள் தலைகீழாகக் கிடந்தேன். கார் பழையதுதான், வாங்கியது மட்டும் புதிது. ஸ்பீக்கரின் கிராஸ்ஓவர் பெட்டியை எங்கே திருகுவது என்று இடது சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவியபோது விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் ஒரு கொண்டை ஊசி. அந்த நிமிடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னைப் பற்றி நீங்கள் சரியாகவே நினைத்துவிடுவீர்கள்.

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அதற்குள் ‘அந்தக் காலத்தில்’ என்று எழுத உட்கார்ந்தது கொஞ்சம் அதிகம்தான். என்ன செய்வது, ஊசியில் தேங்காய் எண்ணெய் மணத்தது. அல்லது மணத்ததாக நானே நினைத்துக்கொண்டேன். மணம் வந்ததும் பின்னாலேயே சூசை மச்சானின் வேன் வந்து நின்றுவிட்டது.

சூசை மச்சான் என் அக்கா வீட்டுக்காரர். ரப்பர் எஸ்டேட்டில் கித்தாப்பால் லோரி ஓட்டியவர். கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட ஆரம்பித்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு வேன் வாங்கினார். குனோங் ராபாட் பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து ஜெலாப்பாங்கில் சட்டை தைக்கும் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போவார். உள்ளே இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு. எதிரும் புதிருமாக முட்டி இடிக்க உட்காருவார்கள். பாலெடுக்க, விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற வீட்டுப் பெண்கள் என்பதால் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் வேனுக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார்கள்.

அப்போதுதான் பச்சை வேன் வந்தது. அதே பாதை, அதே கம்பெனி. ஆனால் அது பக்கத்தில் வந்து நின்றால் நம் வேனின் பெஞ்சு அதிரும். அவ்வளவு சத்தம். எங்கள் வேனிலோ கேசட்டைப் போட்டால் யாரோ தலையணைக்குள் பாடுவது மாதிரி இருக்கும். பெண்களுக்குத் தலைவி புஷ்பம் அக்கா. அவர் எங்கே ஏறுகிறாரோ அங்கேதான் எல்லோரும் ஏறுவார்கள். ஒருநாள் இறங்கும்போது மச்சானிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

“சூசை, ஒன்னும் கோவிச்சுக்காதே. பிள்ளைங்க பச்ச வேனுக்குப் போலாங்குறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்.”

மச்சான் அன்று இரவு சோறு சாப்பிடவில்லை. பெண்கள் போய்விட்டால் அது வேன் இல்லை, நான்கு சக்கரம் வைத்த தகரம். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அப்போது பள்ளிக்கூடம் முடித்து, ஆங்கில எலெக்ட்ரானிக் பத்திரிகைகள் படித்து, வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பாதி மட்டும் திரும்ப மாட்டியிருந்தவன். குடும்பத்தில் நான்தான் நிபுணன்.

ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கே கடையில் ஸ்பீக்கர்களும் இரண்டு கிராஸ்ஓவர் பெட்டிகளும் வாங்கினோம். கிராஸ்ஓவர் என்பது சார்டின் டின் அளவுக்கு ஒரு பெட்டி. பாட்டைப் பிரித்துக் கீச்சுச் சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கருக்கும் தொம்தொம்மைப் பெரிய ஸ்பீக்கருக்கும் அனுப்பும். பக்கத்துக்கு ஒன்று. ஈரம் ஆகாது, சூடு ஆகாது, எதுவும் இடிக்கக் கூடாது, ஆனால் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அதை எழுதியவர் ஈப்போ மழையில் பெண்கள் வேன் ஓட்டியதில்லை.

முதலில் மச்சானின் கதவுக்குள் வைத்தேன். கண்ணாடியை இறக்கினார், அது பெட்டியில் இடித்து, பாதியில் நின்று, மேலேயும் வர மறுத்தது. சாயங்காலம் மழை. மச்சான் வலது தோளில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின். அங்கே முட்டை அவிக்கலாம். டாஷ்போர்டில் அந்தோணியாரும் முருகனும் ஏற்கெனவே நெருக்கி நின்றார்கள். வேறு வழியில்லாமல் அவர்களுக்கு நடுவே இரண்டு பெட்டிகளையும் வைத்தேன். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் இரண்டிலும் சந்தனப் பொட்டு, மேலே ஈரம் சொட்டச் சொட்ட மல்லிகை.

“என்னக்கா இது?” என்றேன்.

“நடுவுல நிக்குதே தம்பி. விட்டுட்டா நல்லாவா இருக்கும்?” என்றார் புஷ்பம் அக்கா.

மிச்சம் இருந்தது பெஞ்சுக்கு அடிதான். அது காலி இடம் என்று நீங்கள் நினைத்தால் அந்த வேனில் ஏறியதே இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு சாணுக்கும் உரிமைக்காரி உண்டு. இங்கே லெட்சுமியின் குடை, அங்கே தெரேசாவின் நல்ல செருப்பு, மூலையில் புஷ்பம் அக்காவின் தூக்குச்சட்டி. கம்பெனியை விட்டு நின்றவள்கூடத் தன் இடத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். நான் தரையில் மண்டியிட்டு ஒவ்வொருவரிடமும் ஒரு டின் அளவு இடம் கேட்டேன். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இத்தனை கேள்வி வரவில்லை. கடைசியில் இடப்பக்கம் தூக்குச்சட்டிக்குப் பக்கத்திலும், வலப்பக்கம் குடைக்குப் பக்கத்திலும் இடம் கிடைத்தது. பூட்டி முடித்தபோது ஸ்பீக்கர் காந்தத்தில் கொண்டை ஊசிகள் கொத்தாக ஒட்டியிருந்தன.

மாதக் கடைசித் திங்கட்கிழமை நானும் வேனில் ஏறினேன். மச்சான் கேசட்டைப் போட்டார். முதல் மேட்டில் தூக்குச்சட்டி சரிந்து இடது பெட்டியை இடித்தது; பெரிய ஸ்பீக்கரின் வயர் கழன்றது. அடுத்த வளைவில் குடை முனை வலது பெட்டியில் குத்திச் சின்ன ஸ்பீக்கரின் வயர் கழன்றது. அவ்வளவுதான். இடது பெஞ்சுக்குப் பாடகி மட்டும் கொசு மாதிரி கேட்டாள். வலது பெஞ்சுக்கு வெறும் அடி. எதிர்ப்பெஞ்சுச் சத்தம் பைகளையும் கால்களையும் எஞ்சின் இரைச்சலையும் தாண்டி வராது.

மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

“எங்களுக்கு அடிதான் வருது, பாட்டு எங்கலா?” என்றாள் வலப்பக்கத்து லெட்சுமி. பிறகு வராத வரியை அவளே பாடினாள். தெரிந்த பாட்டுதானே. அவள் பெஞ்சு முழுக்கச் சேர்ந்துகொண்டது. இடது பெஞ்சுக்காரிகளுக்கு அடி இல்லை என்று ரோஷம் வந்தது. புஷ்பம் அக்கா தூக்குச்சட்டியை மடியில் எடுத்து வைத்துத் தட்ட ஆரம்பித்தார். ஜெலாப்பாங் சிக்னலில் பச்சை வேன் பக்கத்தில் வந்து நின்றது. அதிர்ந்துகொண்டே நின்றது. அதற்குள் இருந்தவர்கள் எல்லோரும் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் சத்தத்தில் ஒருத்தி கண் விழித்தாள்.

மறுநாள் அவளும் அவள் தோழியும் எங்கள் வேனில் ஏறினார்கள். புஷ்பம் அக்கா ஆள் எண்ணி இடது பெஞ்சில் உட்காரவைத்தார். தட்ட ஆள் பற்றவில்லையாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தவன் எங்கே சும்மா இருந்தான்? சனிக்கிழமை இரண்டு வயரையும் சரியாகத் திருகி, மேலே மரப்பெட்டி அடித்து மூடிவிட்டேன். திங்கட்கிழமை பாட்டு முழுதாக, பத்திரிகையில் சொன்ன மாதிரியே கேட்டது. மேட்டைத் தாண்டுவதற்குள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மச்சானுக்கும் கொட்டாவி வந்தது. கம்பெனி வாசலில் புஷ்பம் அக்கா கடைசியாக இறங்கினார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி,” என்றார். “ஆனா எங்களுக்கு வேல ஒன்னும் இல்லாமப் போச்சு. பழையபடி கழட்டி விட்டுரு. நாங்க எங்கயும் போவல.”

கழற்றிவிட்டேன். போகவில்லை.

இப்போது கம்பெனியே குளிர்சாதன பஸ் அனுப்புகிறது. அதில் பாட்டுக் கிடையாது. பச்சை வேன் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். மச்சானின் வேன் கேமரன் மலையில் முட்டைக்கோஸ் ஏற்றுகிறது. அதை வாங்கியவர் ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

யோசனைக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்ததும் எனக்குக் கல்யாணம். ஆயர் தாவார் பெண். இந்தக் காரில்தான் ஈப்போவுக்கு அழைத்து வர வேண்டும். போன தடவை பார்த்தபோது, பேசத் தெரியாமல், பாட வருமா என்று கேட்டுவைத்தேன்.

“ஆளப் பாத்துத்தான்,” என்றாள்.

இரண்டு சீட்டுக்கு அடியிலும் பெட்டியைத் திருகியாயிற்று. பழைய மாதிரியே வயரைக் கழற்றினால் வலப்பக்கத்துக்காரர் பாட வேண்டும். காரில் வலப்பக்கம் இருப்பவன் நான். நான் பாடினால் அவள் அடுத்த பஸ்ஸில் ஆயர் தாவாருக்கே திரும்பிவிடுவாள். அதனால் இந்த முறை மாற்றிக் கழற்றப்போகிறேன்: அவள் பக்கம் அடி, என் பக்கம் குரல். நான் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே வருவேன். வழியில் போத்தா ஊர் வருவதற்குள் அவள் வாய் திறக்கிறாளா, பார்க்கலாம்.