சரோஜா பூசாத தைலம்

கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன சரோஜா இன்றாவது வந்துவிடுவாள் என்று தைலத்துக்கான மஞ்சிட்டி வேரை ஊறப்போட்டுக் காத்திருந்தேன். உப்பூரிலிருந்து அவள் தம்பி மகன்தான் கூப்பிட்டான். "அத்தை போயிட்டாக டாக்டரம்மா. நெஞ்சு வலின்னாக, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு."

மண்டபம் ஊரிலுள்ள என் சிறிய ஆயுர்வேத மருந்துக்கூடத்தில் எட்டு வருடம் கர்ப்பிணிகளின் வயிற்று வரிகளுக்கான தைலத்தை நானும் சரோஜாவும்தான் காய்ச்சினோம். பதம் பார்க்க அவள் ஒரு திரியைத் தைலத்தில் நனைத்துக் கொளுத்துவாள். சடசடத்தால் ஈரம் போகவில்லை என்று மறுபடி அடுப்பில் ஏற்றுவாள். நான் ஆசையாக ரோஜா வாசனை சேர்த்த முதல் தைலத்தை முகர்ந்த ஒரு பெண் அங்கேயே வாந்தியெடுத்தாள். "குமட்டிக்கிட்டு நிக்கிற பிள்ளைக்கு வாசம் எதுக்கு டாக்டரம்மா?" என்று சரோஜா அத்தனையையும் கொட்டிவிட்டாள். எனக்குக் கோபம்தான். ஆனால் அவள் சொன்னது சரி.

போன வாரச் சண்டை புது லேபிளால் வந்தது. 'வரிகள் அடியோடு மறையும்' என்று அச்சடித்திருந்தேன். அவள் ஒட்ட மாட்டேன் என்றாள்.

"மறையாது. அரிப்பு கொறையும், தோலு இளகும். அத மட்டும் எழுதுங்க."

எனக்கு வாய் அடங்காது. "பிள்ளையே பெறாத உனக்கு வயித்து வரியப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். பாவி நான்.

சரோஜா கரண்டியைக் கீழே வைத்தாள். "பெத்தேன் டாக்டரம்மா. ஆம்பளப் பிள்ளை. கண்ணே முழிக்கல. பேரு வைக்கல, ஒரு போட்டோ இல்ல. அவன் இருந்ததுக்கு என் வயித்துல கெடக்குற கோடுதான் சாட்சி. இந்தத் தைலத்த ஒரு சொட்டு நான் பூசுனதில்ல. மறையாதுன்னு தெரியும். ஒருவேளை மறைஞ்சுட்டா?"

அப்படியே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

உப்பூரில் அவளைக் குளிப்பாட்டும்போது சேலை மறைப்புக்குள் நானும் நின்றேன். அடிவயிற்றில் வெளுத்த கோடுகள். அங்கே அரப்புத் தேய்க்க மனம் வரவில்லை; தண்ணீரை மட்டும் மெல்ல ஊற்றினேன்.

திரும்பி வந்ததும் அந்த லேபிள்களைக் கிழித்துப் போட்டேன். இனி லேபிளில் அவள் சொன்னது மட்டும்தான் இருக்கும். அடுப்படியில் தனியாக நின்று, "சரோஜா, பதம் பாரு" என்கிறேன். அவளோடு அந்தக் கோடுகளும் எரிந்துவிட்டன. பேர் வைக்காத அந்தப் பிள்ளைக்கு இப்போது நான்தான் சாட்சி.