துருவின் சிவப்பு

கோழிப் பண்ணைத் தீவனத்துக்குக் கருவாடு ஏற்றி வந்த லாரியில்தான் எங்கள் வள்ளத்தின் எஞ்சின் பல்லடம் வந்து இறங்கியது. அங்கிருந்து குட்டியானை வண்டியில் ஏற்றி, நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். தெரு முழுக்கக் கருவாட்டு வாடை. வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஏனுங்க, இது கடல்ல ஓடுற எஞ்சினுங்ளா? இங்க நொய்யல்ல விடப் போறீங்ளா?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டதால் நானும் சிரிக்காமல், "ஆமாக்கா, டிக்கெட் போட்டு ஆள் ஏத்தப் போறோம்" என்றேன்.

கடற்கரையை விட்டு இந்த ஊருக்கு வந்ததற்கே அந்த எஞ்சின்தான் காரணம். அடிக்கடி நின்றுபோகும் எஞ்சினை நம்பிக் கடலுக்குப் போக முடியாமல், சரிசெய்யும்வரை என்று சொல்லித்தான் பனியன் வேலைக்கு வந்தோம். எனக்குச் சாயப் பட்டறையின் லேபில் வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் அயர்ன் டேபிளில் நின்றார். காற்றில் வளர்ந்த உடம்பு, நாள் முழுக்க நீராவியில் வெந்தது. எனக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. விடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், அது ஒன்றே எனக்குப் போதும். ஆனால் ரேஷன் கார்டை இங்கே மாற்றலாம் என்று நான் வாயெடுத்தாலே அவருக்குக் கோபம் வந்துவிடும். "திரும்பிப் போற ஆளுக்கு இங்கன கார்டு எதுக்கு?" என்பார். அதற்காக நாங்கள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எழுந்து அழுதிருக்கிறார்கள்.

ஊரில் பார்த்த மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இங்கே தறிக்கூடங்களின் ஜெனரேட்டரைப் பார்க்கும் ஒரு மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஒத்துக்கொண்டார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில், டீக்கடைப் பால் டீ மாதிரி வெளுத்திருந்தது. டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியால் சுற்றியபோது, இரண்டு சிலிண்டரிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்து அவர் சட்டையை நனைத்தது.

"தண்ணி உள்ள வருதுங்க. எங்கிருந்து வருதுன்னு கண்டுபுடிக்கிறதுதானுங்க வேலையே" என்றார்.

முதலில் சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து முகம் மட்டமாக்கி, புது கேஸ்கெட் போட்டோம். டிரம்மில் போர் தண்ணீரை நிறைத்து வாசலிலேயே ஓட்டினோம். கொடியில் காய்ந்த எல்லோர் துணியிலும் கரி படிந்து, நான்தான் வீடு வீடாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எஞ்சின் ஓடியது. ஆனால் நிறுத்திவிட்டுக் குச்சியை உருவினால் மறுபடியும் பால் டீ.

வெறும் தண்ணீர் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, அதில் சாயத்தைக் கலந்து ஊற்றினால் என்ன என்று நான்தான் கேட்டேன். இந்த ஊரில் எந்தச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்பதை எல்லோரும் கலரை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறார்கள்! அந்த வாரம் எங்கள் பட்டறையில் சிவப்பு ஆர்டர் ஓடியது. ஷேடு பார்த்து மிஞ்சிய சாயத்தைப் பாட்டிலில் கொண்டுவந்தேன். ஹெட்டையும் அடியிலிருக்கும் ஆயில் தொட்டியையும் கழற்றிவிட்டு, எஞ்சினைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார்கள். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் அறையில் சிவப்பை ஊற்றி, கீழே வெள்ளைப் பனியன் வேஸ்டை விரித்தோம்.

மதியத்துக்குள் துணியில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் குழாயின் அடியில், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் ரிங் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே! ரிங்தான் என்றால் மாற்றிவிடலாம், சின்ன வேலை. என் வீட்டுக்காரர் அந்தத் துணியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். வீட்டுக்கார அம்மாவுக்கும் காட்டினார். ஊருக்குப் போன் போட்டு, வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். அவர் அப்படிச் சத்தம் போட்டுப் பேசி நான் பல காலம் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போனபோது அவர் வாயில் பாட்டுக்கூட வந்தது.

அந்தத் துணியை நான் பையில் எடுத்துப் போனேன். ஏன் எடுத்துப் போனேன்? வெயிலில் பார்த்தபோதே மனதில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். லேபில் ஒரு விளக்குப் பெட்டி உண்டு. வெயிலில், கடை வெளிச்சத்தில், ட்யூப் லைட்டில் ஒரு நிறம் எப்படித் தெரியும் என்று அதற்குள் வைத்துத்தான் பார்ப்போம். நான் கலந்த சிவப்பில் முக்கிய மாதிரித் துணியையும் இந்தத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எந்த வெளிச்சத்திலும் இரண்டும் சேரவில்லை. இது மங்கல், பழுப்பு. கழற்றும்போது சிந்திய பழைய துருத்தண்ணீர் அங்கே தேங்கி, பிறகு சொட்டியிருக்கிறது. என் சாயம் கீழே வரவே இல்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். புது ரிங்கைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக ஊருக்குப் போயிருப்பார். பிறகு கரை தெரியாத இடத்தில் ஒருநாள் எஞ்சின் நின்றிருக்கும். சாயங்காலம் சோறு போடும்போது சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"உனக்கு நாம திரும்பிப் போறது பிடிக்கல பிள்ள. அதான் நொட்டை சொல்லுத."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பிடிக்கவில்லைதான். ஆனால் நிறத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த ஞாயிறு, புது ரிங்கைப் போட்டுவிட்டு நீலம் ஊற்றினோம். துருவால் நடிக்க முடியாத நீலம். மெக்கானிக் சைக்கிள் பம்பால் கொஞ்சம் காற்றும் கொடுத்தார். ரிங் பக்கம் சொட்டுக்கூட இல்லை. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜெயித்த களிப்பு இருந்தது. நானும், கடவுளே இப்படியே இருக்கட்டும் என்றுதான் வேண்டினேன்.

பிறகு மெக்கானிக், இரண்டு சிலிண்டருக்கும் நடுவிலிருக்கும் இரும்புச் சுவரை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தார். துணியில் நூல் மாதிரி ஒரு நீலக்கோடு. கீழே குனிந்து ஒற்றினார். அங்கேயும் அதே கோடு. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"பிளாக்கே, எஞ்சின் உடம்பே வெடிச்சிருக்குதுங்க. உப்பு உள்ளுக்குள்ளயே தின்னுருக்குது. வெல்டு வெச்சாலும் நிக்காதுங்க" என்றார்.

"மறுபடி ஒருதடவை தொடச்சுப் பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். மெக்கானிக் துடைத்தார். பிறகு இவரே வாங்கித் துடைத்தார். விரலெல்லாம் நீலமாகும்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

'எப்பங்க எடுப்பீங்க' என்று தினமும் நச்சரித்த வீட்டுக்கார அம்மா, அன்று வந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டுமுங்க, மெதுவா எடுத்துக்கலாமுங்க" என்றார். அந்த நல்ல வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கலந்த நீலம் சோப்புக்கு அசையாது. மறுநாள் கம்பெனியில் அவர் கையைப் பார்த்த சூப்பர்வைசர், வெள்ளைப் பீஸைத் தொடக்கூடாது என்று தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார். நாள் முழுக்க ஓரமாக நின்றுவிட்டு வந்தார். கை கால் கழுவினார். வாசலில் எஞ்சினைத் தாண்டி வரும்போது அதைப் பார்க்கவில்லை.

"ரேஷன் கார்ட இங்கன மாத்திருவோம் பிள்ள. நாளைக்கு லீவு சொல்லிட்டு நானே போறேன்" என்றார்.

வந்த நாளிலிருந்து நான் கேட்டது அதைத்தான். இப்போது வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. எதைக் காட்டி வேண்டாம் என்று சொல்வது? பெட்டியைத் திறந்து கார்டை எடுத்து அந்த நீலக் கையில் கொடுத்தேன்.