பூஜ்யத்துக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவே

ஆபீசில் அவளுக்கு 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர். எதை முடித்தாலும் "இன்னொரு தரம் பார்த்துடலாமா?" என்பாள். வீட்டைப் பூட்டிக் கிளம்பினால் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "பூட்டு தேஞ்சே போயிடும்" என்பார் வீட்டுக்காரர். குளிர் அறைக் கதவுகளில் வெப்பநிலை காட்டும் பலகைக்கு ப்ரோக்ராம் எழுதுவது அவள் வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒரு புகார் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு காலையில் போன் வந்தது. ரோஜாப்பூக் கிடங்கில் முந்தாநாள் ஓர் அறைப் பூவும் உறைந்து பாழாம். மணிக்கொரு தரம் அளவைப் பார்த்து நோட்டில் எழுதும் அம்மா, பார்க்காமலே இஷ்டத்துக்கு எழுதிவிட்டாராம். நேரில் போனதும் முதலாளி ஒரு தாளை நீட்டினார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு கையெழுத்துப் போடுங்க மேடம். அந்தம்மாவ இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்."

போட்டுவிட்டு வந்திருக்கலாம். இவளா போடுவாள்? "முதல்ல அந்த நோட்டைக் குடுங்க" என்றாள்.

குண்டு குண்டான எழுத்து. 0.8, 0.4, 0.1, 0.3, 0.7. அப்புறம் திடீரென்று மைனஸ் 1.1. அதைப் பார்த்ததும் அந்தம்மா ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பூ போய்விட்டது. பொய் எழுதுகிறவர்கள் இப்படியா ஏறுக்குமாறாக எழுதுவார்கள்? லேப்டாப்பை எடுத்துத் தன் ப்ரோக்ராமைத் திறந்தாள்.

பலகையில் முழு எண் பெரிதாகவும் புள்ளிக்குப் பின்னால் உள்ளது சின்னதாகவும் தெரிய, எண்ணை இரண்டாகப் பிரித்திருந்தாள். மைனஸ் குறியை முழு எண்ணோடு மட்டும் விட்டிருந்தாள். மைனஸ் 0.7-இல் முழு எண் பூஜ்யம். பூஜ்யத்துக்கு ஏது மைனஸ்? பலகையும் கூசாமல் 0.7 என்று காட்டியிருக்கிறது. ஐந்து, மைனஸ் ஐந்து, மைனஸ் இருபது என்று மூன்று மூன்று தரம் சோதித்த மகராசி, இந்தச் சந்துக்குள் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினெட்டு வருஷப் பேர். நோட்டை முதலாளி பக்கம் திருப்பி வைத்தாள்.

"தப்பு என் ப்ரோக்ராம்லதான் சார். அவங்க கண்ணால பார்த்ததத்தான் எழுதியிருக்காங்க. இதுக்கு வேணா கையெழுத்துப் போடறேன்."

முதலாளி கத்தித் தீர்த்தார். நின்று வாங்கிக்கொண்டாள்.

வாசலில் அந்தம்மா காத்திருந்தார். நடந்ததைச் சொல்லி, "மன்னிச்சிடுங்கம்மா" என்றாள்.

அந்தம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு நாளா வீட்டுல எல்லாரையும் காலண்டர் முன்னாடி நிக்கவச்சு, இது என்ன நம்பர், அது என்ன நம்பர்னு கேட்டுட்டே இருந்தேன்மா. என் கண்ணுதான் போயிடுச்சோன்னு."