சூளைக்குள் போன சாம்பியன்

குஸ்தி பொம்மை செய்து பிழைப்பவனுக்கு எதிரிகள் இரண்டு: ஒன்று சூளை, இன்னொன்று டிவி குஸ்திக்குக் கதை எழுதுகிற அந்த முகம் தெரியாத ஆள்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை யூனிட் வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பிள்ளையாரும் வாத்தும் செய்கிறவன் நிம்மதியாகத் தூங்குவான். பிள்ளையார் அடுத்த வாரம் கட்சி மாறமாட்டார். எனக்குத்தான் சின்ன வயசுக் குஸ்திக் கிறுக்கு விடவில்லை. இந்த மாசி மகத்தில் குஸ்தி பொம்மை போகவில்லை என்றால் யூனிட்டைப் பூட்டிவிட்டு, சென்னையில் மச்சானின் டைல்ஸ் கடைக்கே போய்விடலாம் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. தொழில் நடத்துகிற உங்களுக்குச் சொல்லவா வேண்டும்.

நிற்கத் தெரியாதவன்

அந்தக் கால குஸ்திக்காரர்கள் பொம்மைக்கென்றே பிறந்தவர்கள். தொந்தி, கழுத்தே இல்லாத தலை, உரல் மாதிரி கால். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், சூளைச் சூட்டுக்கு அசையமாட்டார்கள். இப்போது வருகிறவர்களுக்கு இடுப்பே இல்லை. கயிற்றின் மேல் ஏறிக் குட்டிக்கரணம் போடுவதுதான் சண்டை. காலத்தோடு போவோமே என்று, ஒற்றைக் காலில் எம்புகிற ஒருவனுக்கு அச்சு எடுத்தேன். சூளையைத் திறந்தால் நாற்பது பேரும் கணுக்கால் ஒடிந்து படுத்திருக்கிறார்கள்.

எங்களிடம் பல வருஷமாக வர்ணம் தீட்டும் சுமதி, ஒவ்வொருவனையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"எதிரிய ஜெயிக்கிறது இருக்கட்டும்ண்ணே, மொதல்ல இவன நிக்கச் சொல்லுங்க."

பச்சை குத்திய கை

முன்பெல்லாம் வர்ணம் ஒரு வேலையே இல்லை. கறுப்பு ஜட்டி ஒன்று போட்டால் நல்லவன் தயார். கெட்டவனுக்குக் கண்ணில் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். இன்றைக்கு ஒவ்வொருத்தனுக்கும் இரண்டு கையிலும் கழுத்திலும் முதுகிலும் பச்சை. ஒன்று விட்டுப்போனாலும் பிள்ளைகள் போனை எடுத்து, படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். முடிந்ததா முடிந்ததா என்று நான் நாலு தடவை போய் நின்றதில் சுமதிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு மருதாணி வைக்கக்கூட நான் இவ்ளோ நேரம் குந்தலண்ணே."

மைக் பிடித்தவன்

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து டிராக்டர் சாமான் வாங்க வந்த ஒரு விவசாயி, வழியில் யூனிட்டைப் பார்த்து உள்ளே வந்தார். தெருவுக்கே ஒரு டிவி இருந்த காலத்தில் குஸ்தி பார்த்தவராம். நான் ஆசையாகப் புது மாடலைக் காட்டினேன்: கோட்டு, கூலிங் கிளாஸ், கையில் மைக். இப்போதெல்லாம் பாதி நேரம் பேச்சுத்தான், திட்டுவார்கள், அழுவார்கள், சவால் விடுவார்கள், கடைசியில் கொஞ்சம் குஸ்தி என்று விளக்கினேன். அவர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சண்ட போடுவான்னு பாத்தா, ஓட்டு கேக்க வந்தவனாட்டம் நிக்கிறானே."

தெரிந்தே பார்ப்பவர்கள்

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேன்சி கடை வைத்திருக்கும் ரபீக்கும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் அத்தா கல்ஃபிலிருந்து அனுப்பிய கேசட்டுகளில்தான் நான் குஸ்தி கற்றேன். அதெல்லாம் நடிப்புடா என்று ஒருநாள் நான் வாய் தவறிச் சொன்னதற்கு, ஒரு வருஷம் என்னிடம் அவன் பேசவில்லை. இன்றைக்கு அவன் மகன், அடுத்த வாரம் யார் தோற்பான், ஏன் தோற்பான் என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான். சொல்லிவிட்டு அதையே கண் கொட்டாமல் பார்க்கிறான்.

"ஜோடிச்ச சண்டன்னு தெரிஞ்சுதான் பாக்குறான் மாப்ள. எனக்குத்தான் இன்னும் அடி வலிக்குது."

முந்நூறு சிரிப்பு

மாசி மகத்துக்கு ரொம்ப யோசித்து, நடப்புச் சாம்பியனையே எடுத்தேன். தோளில் தங்க பெல்ட்டு, வாய் நிறையச் சிரிப்பு, பிள்ளைகளுக்குச் செல்லம். முந்நூறு பொம்மை சூளைக்குள் போய், நெருப்பும் ஏறிவிட்டது. ரபீக் போன் செய்தான். சாம்பியன் தன் சொந்தக் கூட்டாளியையே பின்னாலிருந்து நாற்காலியால் அடித்துவிட்டானாம். பெல்ட்டும் போய்விட்டதாம். இனி அவன் கெட்டவன்.

சூளையைப் பாதியில் நிறுத்த முடியாது. வெந்த சிரிப்பை மாற்றவும் முடியாது. சூளையைச் சுற்றி நடந்தேன், வாசல் கேட் வரை போய்த் திரும்பினேன். பயமாகவே இருந்தது. டைல்ஸ் கடையில் சட்டையில் பேர் குத்திக்கொண்டு நிற்கிற என்னை நானே பார்த்துவிட்டேன்.

கோயில் பக்கம் கடை போட்டதும் முதலில் வந்தது ஒரு சின்னப் பெண், அப்பாவோடு. சாம்பியனைத்தான் எடுத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இது பழைய கதைம்மா, இவனிடம் இப்போது பெல்ட்டு இல்லை, ஆளும் கெட்டவனாகிவிட்டான், சிரிப்பை மாற்ற எங்களால் முடியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"தெரியும் அங்கிள், போன்ல பாத்தேன். அடிச்சிட்டு இப்படித்தான் சிரிச்சான். ரெண்டு குடுங்க."

செய்தது நல்லவனா கெட்டவனா என்பது விற்ற பிறகுதான் எங்களுக்கே தெரிகிறது என்றாலும், யூனிட் இன்னும் திறந்துதான் இருக்கிறது.