இமெல்டா ரீச்சரின் காரில் ஒரு டிக் டிக்

அடம்பன் சந்தியில் யாகப்புவின் கராச்சுக்கு நேர் எதிரே கோகுலன் ஒரு கராச் போட்டான். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் யாகப்புவுக்கு இன்னும் தீரவில்லை. கோகுலன் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து ஊர் திரும்பியவன். நீலத் தகரக் கூரை, பளிச்சென்ற சீமெந்து நிலம், வருகிறவர்கள் இருக்கக் கதிரை, கையில் ஒரு பிளேன்ரீ. காரில் வயரைச் செருகினால் கோளாறு என்னவென்று திரையில் காட்டுகிற பெட்டியும் வைத்திருந்தான். யாகப்புவும் சும்மா இருக்கவில்லை. தன் வாசலிலும் பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கிப் போட்டார். அவற்றில் ஆடுகள்தான் ஏறி நின்றன.

போன வாகனமெல்லாம் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இமெல்டா ரீச்சரின் மொரிஸ் மைனர் போனதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. சண்டை முடிந்து ரீச்சர் ஊர் திரும்பியபோது கோழி அடைகிடந்த கார் அது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டி அதற்கு உயிர் கொடுத்தவர் யாகப்பு. முடித்த கையோடு, எந்த எஞ்சினைப் பூட்டினாலும் செய்கிற தன் வழக்கப்படி, மடுக் கோயிலில் மந்திரித்த மாதா பதக்கம் ஒன்றை பொனற்றுக்குள் எஞ்சினோரமாகக் கம்பியால் கட்டியும் விட்டார்.

அப்படிப்பட்ட கார், அவர் டெங்குக் காய்ச்சலில் ஆசுப்பத்திரியில் கிடந்த கிழமை, எஞ்சின் வால்வுகளின் டப்பட் இடைவெளி சரிபார்க்கக் கோகுலனிடம் போய்விட்டது. பார்க்க வந்த மனைவி நிறஞ்சலா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"அந்தப் பெடியன் வடிவாச் செய்து குடுத்தவனாம். ரீச்சருக்கு நல்ல சந்தோசம்."

காய்ச்சலைவிட அந்தப் பேச்சுத்தான் அவரைக் கூடச் சுட்டது.

அதனால், ஒரு சனிக்கிழமை காலை மொரிஸ் மைனர் டிக் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு தன் வாசலில் வந்து நின்றபோது யாகப்புவுக்கு வாயெல்லாம் பல்.

"யாகப்பு, இந்தச் சத்தத்தைக் கோகுலனிட்டக் காட்டினனான். அவன் சொன்னவன்..." என்று தொடங்கினார் ரீச்சர்.

"அவன்ர கதையை எனக்குச் சொல்லாதேங்கோ ரீச்சர். அவனாலதான் இந்தச் சத்தமே. டப்பட்டைக் கண்டபடி விட்டிருக்கிறான்."

"இல்லை, அவன் உங்களிட்டத்தான்..."

"தெரியும், தெரியும். அவனுக்கு ஏலாது. அதுதானே இஞ்ச அனுப்பினவன். விட்டிட்டுப் போங்கோ."

ரீச்சர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சந்தைக்கு நடந்தார்.

யாகப்பு நீட்டு ஸ்குரூட்ரைவரின் நுனியை டப்பட் மூடியில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டார். சத்தம் அங்கேதான். எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றி இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றிலாவது பிழை இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேதான் அளந்தார். பாழாய்ப்போனவன் எல்லாவற்றையும் மயிரிழை பிசகாமல் விட்டிருந்தான். அவன் கைபட்டது அப்படியே இருக்கக் கூடாது என்பதற்காகவே, சரியாக இருந்ததையும் தளர்த்தித் திரும்ப இறுக்கினார். மூடியைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினார். டிக் டிக் டிக்.

எதிர்ப்பக்கம் கோகுலன் ஓர் ஓட்டோவோடு மினைக்கெட்டுக்கொண்டு பாட்டு முணுமுணுத்தான். தன்னைக் கேலி செய்யத்தான் பாடுகிறான் என்று யாகப்புவுக்குத் தோன்றியது.

ஓடுகிற எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு ஒவ்வொரு குழாயாகப் பிடித்துப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் பட்டதும் சத்தம் நின்றது. விரலை எடுத்தார். திரும்பவும் டிக் டிக். மன்னார்ப் பாலத்து உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்த கம்பியில், எண்ணெய் அப்பிக் கறுத்துப்போய், அவர் கட்டிய மாதாவேதான் ஆடி ஆடி டப்பட் மூடியில் தட்டிக்கொண்டிருந்தார்.

யாகப்பு எஞ்சினை நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்தார். ஒருவரும் பார்க்கவில்லை. கம்பியை வெட்டிப் பதக்கத்தைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டார். மாதா பொறுத்துக்கொள்வார் என்று சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார்.

ரீச்சர் கத்தரிக்காய்ப் பையோடு திரும்பி வந்தார்.

"நான் சொன்னதுதான் ரீச்சர். டப்பட்டை லூசா விட்டிருக்கிறான். இனி அந்தப் பக்கம் காரைக் கொண்டு போகாதேங்கோ."

ரீச்சர் பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாதா எங்க?"

யாகப்பு பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"உங்கட மாதாதான் கம்பி தளர்ந்து தட்டுறா எண்டு கோகுலன் சத்தத்தைக் கேட்ட உடனேயே சொன்னவன். 'நான் சைவ சமயம் மிஸ். அண்ணன் நேர்ந்து கட்டினது. அவர் கையாலதான் திரும்பக் கட்டணும்' எண்டு ஒரு விரலும் வைக்காமல் அனுப்பினவன். அதைத்தான் காலமை சொல்ல வந்தனான். நீங்கள் விட்டால்தானே!"

யாகப்பு பொக்கற்றுக்குள் இருந்ததை எடுத்தார். புதுக் கம்பி ஒன்றை வெட்டி, குனிந்து கட்டத் தொடங்கினார்.

"அண்ணே, சத்தம் நின்னுடுச்சா?" எதிரேயிருந்து கோகுலன் கூப்பிட்டுக் கேட்டான்.

"கேக்கிறான். சொல்லுங்கோவன்," என்றார் ரீச்சர்.

யாகப்பு நிமிர்ந்தார்.

"நிண்டிட்டுது தம்பி. டப்பட்டில ஒரு பிழையும் இல்லை. நீ நல்லாத்தான் செய்திருக்கிறாய்."

கோகுலன் சிரித்துக் கையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினான். அந்தச் சிரிப்பில் ஒரு துளி எகத்தாளமாவது இருந்திருந்தால் யாகப்புவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.