என் தோளில் வக்கீலின் பங்கு

வந்தவாசி சாலையில் லாரி என் மொபெட்டை இடித்துத் தள்ளியதில் வலது தோள் உடைந்தது. நான் பட்டு நெய்கிறவன். தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவின் கயிற்றை வலது கைதான் இழுக்க வேண்டும்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றார்கள். முதலில் பார்த்த வக்கீல் ஃபீஸை முன்னால் வைக்கச் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இப்ப பைசா வேணாங்க. ஜெயிச்சா வர்றதுல எனக்கொரு பங்கு. தோத்தா எனக்கும் ஒண்ணும் இல்ல."

கைகூப்பினேன். அஞ்சாவது வரை படித்த ஒருவனுக்காக, தன் கைக்காசைச் செலவழித்து லாரியின் இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கு நிற்க வேறு யார் வருவார்கள்? இன்றைக்கும் அதை நான் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், தினமும் கையைத் தூக்கிப் பழகச் சொன்னார். விட்டால் தோள் இறுகிவிடுமாம். அதை வக்கீலிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மெடிக்கல் போர்டு முடியட்டுங்க. ஊனம் எத்தனை சதவீதம்னு அவங்கதான் எழுதுவாங்க. அது கொறைஞ்சா பணமும் கொறையும். அதுவரைக்கும் கையைத் தூக்காதீங்க. தறியிலயும் உக்காராதீங்க, இன்சூரன்ஸ் ஆளு எவனாவது போட்டோ எடுத்துடுவான்."

"சரிங்க சார்" என்றேன். படித்தவர்கள் முன்னால் எனக்கு வேறு வார்த்தை வராது.

போர்டு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மனைவி ஒருத்தியே நெய்தாள். என் கை தோள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. ஒருநாள் எனக்குச் சட்டையை மாட்டிவிட்டபடியே கேட்டாள்:

"ஏன்யா, இந்தக் கை யாருது?"

"என்துதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு வக்கீலக் கேட்டுக் கேட்டு ஆட்டாம வெச்சிகினு கீற? பணம் வந்து கயிறு இழுக்குமா?"

"கேஸ் கெட்டுப்போயிடும்டி."

"கெடட்டும். ஆயுசுக்கும் சட்டை மாட்டிவுடுற பேஜார் எனக்கா, அந்தாளுக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கை எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவு அவருக்கு வரும்படி. ஊரில் எனக்காகப் பேசுகிற ஒரே ஆள், நான் குணமானால் நஷ்டப்படுகிற ஆள். இப்படி ஓர் ஏற்பாட்டுக்கா கைகூப்பினேன் என்று உடம்பெல்லாம் எரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? வக்கீல்கள் பங்கு பேசக் கூடாதென்று சட்டமே இருக்கிறதாம், கோர்ட் வாசல் டீக்கடையில் சொன்னார்கள். அதனால்தான் எங்களுக்குள் எழுத்தில் எதுவும் இல்லை. ஏழைக்குத் திறக்கிற ஒரே கதவையும் திருட்டுக் கதவாக வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து சுவரில் விரல்களை ஊன்றி மேலே மேலே ஏற்றினேன். வலியில் பல்லைக் கடித்துக்கொள்வேன். மனைவி பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம், செவுத்துல பல்லி ஏறல?" என்று சீண்டுவாள்.

போர்டில் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காது வரை போயிற்று.

வெளியே வக்கீலின் முகம் சிவந்திருந்தது.

"இன்னாங்க இப்படிப் பண்ணிட்டீங்க? ஆஸ்பத்திரி பேப்பர், சாட்சி, எல்லாத்துக்கும் நான் செலவு பண்ணிகினு வரேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க செலவு பண்ணது நெசம் சார். வர்ற பணத்துல பங்கு எடுத்துக்குங்க. என் கையில பங்கு கேக்காதீங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வராண்டாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சீக்கிரமே கூப்பிட்டனுப்பினார். இன்சூரன்ஸ்காரர்கள் சமரசத்துக்கு வந்திருக்கிறார்கள், கையெழுத்துப் போடுங்கள் என்றார். இது நியாயமான தொகையா என்று கேட்டேன்.

"இருக்கற ஊனத்துக்கு இதுவே ஜாஸ்திங்க. ஜல்தியா முடிச்சிக்கலாம். இல்லன்னா வேற வக்கீலப் பாருங்க."

வேறு வக்கீலுக்கு ஃபீஸை முன்னால் வைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன். இப்போது தறியில் உட்காருகிறேன், கை ஓடுகிறது. ஆனால் அந்தத் தொகை சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். என் வழக்கில் இனி உழைத்தால் தனக்குக் கட்டாது என்று, போர்டில் என் கை காது வரை போன அன்றே அவர் முடிவு கட்டியிருந்தார்.